பூனைக்கு மாத்திரை: பிடித்து ஊட்டுவதா, பழக்கி ஊட்டுவதா?

கால்நடை மருத்துவர் பூனையைப் பரிசோதித்து மருந்து எழுதிக் கொடுக்கப் பெரும்பாலும் கால் மணி நேரம் போதும். உண்மையான வைத்தியம் அதற்குப் பிறகு வீட்டில்தான் தொடங்குகிறது. காலையும் மாலையும் ஒரு மாத்திரை, பத்து நாள் என்றால் மொத்தம் இருபது தடவை. முதல் தடவை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாயைத் திறக்க, எப்படியோ மாத்திரை உள்ளே போய்விடும். மறுமுறை மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டதுமே பூனை கட்டிலுக்கு அடியில் இருக்கும். மூன்றாம் நாள் கையெல்லாம் கீறல். நான்காம் நாள், "இப்பதான் நல்லா ஆயிருச்சே, போதும் விடு" என்று மீதி மாத்திரைகள் அலமாரிக்குள் போய்விடும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல வீடுகளில் நடப்பது இதுதான். பாதியில் நின்ற சிகிச்சையால் நோய் திரும்பி வரும். கிருமிக்கொல்லி மருந்தாக இருந்தால், அடுத்த முறை அதே மருந்துக்கு நோய் கேட்காமலும் போகலாம். பூனையின் பிடிவாதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மருந்து சாப்பிடுவது என்பது பூனைக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரு பழக்கம். அதை நோய் வருவதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டால், இருபது தடவையும் பெரிய சண்டையில்லாமல் முடியும்.

தோட்டத்து லயன் வீடுகளில் எலிக்காக வளர்த்த பூனைகளுக்கு யாரும் மாத்திரை கொடுத்ததில்லை. இன்று தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் பூனைகள் வீட்டுக்குள்ளேயே வாழ்கின்றன. சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. வீட்டுக்குள் பாதுகாப்பாக வாழும் பூனைக்கு ஆயுள் அதிகம். ஆயுள் கூடும்போது சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற முதுமை நோய்களும் வருகின்றன. இவற்றில் பலவற்றுக்கு ஆயுள் முழுவதும் மருந்து தேவைப்படும். ஆகவே, பத்து நாள் சமாளித்தால் போதும் என்ற கதை இனி எல்லாப் பூனைக்கும் பொருந்தாது.

பூனை ஏன் மருந்தை வெறுக்கிறது?

குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் உள்ள பழக்கம். பூனையிடம் அது எடுபடாது. காரணம், பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் அமைப்பு அதற்கு இல்லை. ஆனால் கசப்பு நன்றாகவே தெரியும். தேன், சீனி, சிரப் எதுவும் கசப்பை அதனிடமிருந்து மறைக்காது.

கசப்பு நாக்கில் பட்டதும் சில பூனைகளின் வாயில் நுரை தள்ளும், எச்சில் ஒழுகும். பார்ப்பவர்கள் விஷம் ஏறிவிட்டதோ என்று பயந்துவிடுவார்கள். கசப்பு மருந்து பட்ட உடனே வரும் நுரை, சில நிமிடங்களில் நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல் தொடர்ந்தாலோ, பூனை சோர்ந்து விழுந்தாலோ மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், பிடிபடும் பயம். பூனை எலியை வேட்டையாடும் பிராணிதான். ஆனாலும் தன்னைவிடப் பெரிய விலங்குக்கு அது இரை. மேலிருந்து ஒரு கை வந்து அமுக்கினால், அது தன்னைக் கொல்ல வருவதாகத்தான் அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். பிடியை இறுக்க இறுக்கப் போராட்டமும் கூடுவது இதனால்தான். பிடரியைப் பிடித்துத் தூக்கினால் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்குவது வேறு. வளர்ந்த பூனையை அப்படிப் பிடித்தால் பயமும் வலியும்தான் மிச்சம்.

நோய் வருமுன் பழக்குவது எப்படி?

பூனை நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே பழக்கத் தொடங்க வேண்டும். நாளைக்கு ஒரு தடவை அல்லது இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் போதும். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு, பூனை பசியோடு இருக்கும் வேளைதான் நல்லது. கையில் அதற்கு மிகவும் பிடித்த தீனி இருக்க வேண்டும். உப்பு, மசாலை இல்லாமல் அவித்த கோழி, முள் எடுத்த கெம்போங் மீன், பிழிந்து கொடுக்கும் பசைத்தீனி என எது பிடிக்கிறதோ அது. அந்தத் தீனியை மற்ற நேரத்தில் கொடுக்காமல் இருந்தால் அதற்கு மதிப்புக் கூடும்.

முதல் படி, ஓர் இடத்துக்கு வரப் பழக்குவது. ஒரு பழைய துவாலையைத் தரையில் விரித்து, பூனை அதன் மேல் வந்து நின்றால் தீனி கொடுக்க வேண்டும். வெளியே சுற்றும் தோட்டத்துப் பூனையாக இருந்தால், பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி ஒரே நேரத்தில் அழைத்துப் பழக்கலாம். கூப்பிட்டால் வரும் பூனைக்குத்தான் வேளை தவறாமல் மருந்து கொடுக்க முடியும்.

இரண்டாம் படி, தலையைத் தொடுவது. உச்சந்தலையில் கை வைத்து எடுத்ததும் தீனி. ஓரிரண்டு நொடிக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் எதற்காகக் கிடைத்தது என்று பூனைக்குத் தெரியாது.

மூன்றாம் படி, கட்டைவிரலையும் நடுவிரலையும் இரு கன்ன எலும்புகளின் மேல் வைத்து, மூக்கைச் சற்று மேல் நோக்கித் திருப்புவது. உடனே தீனி. நான்காம் படி, மறுகையின் விரலால் கீழ்த்தாடையின் முன்பற்களை மெல்ல அழுத்தி, வாயை ஒரு நொடி திறந்து விடுவது. மீண்டும் தீனி. ஐந்தாம் படி, திறந்த வாய்க்குள் மருந்தில்லாத சிறு தீனி உருண்டையை வைப்பது. நீர்மருந்துக்குப் பழக்க, ஊசியில்லாத சிரிஞ்சில் மீன் அவித்த தண்ணீரை எடுத்து நக்க விடலாம். கண்மருந்து, காதுமருந்துக்கும் இதே முறைதான். மூடிய மருந்துப் புட்டியைக் கண்ணருகே கொண்டுபோய்த் தீனி கொடுப்பதில் தொடங்கலாம்.

பூனை ஒரு படியில் நிம்மதியாக இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும். வால் வேகமாக அடித்துக்கொள்வது, காது பின்னால் மடிவது, முதுகுத் தோல் துடிப்பது, உடம்பு தரையோடு தாழ்வது ஆகியவை "போதும்" என்பதற்கான அடையாளங்கள். அப்போது நிறுத்திவிட்டு, அடுத்த தடவை ஒரு படி கீழிருந்து தொடங்கலாம். எழுந்து போக நினைக்கும் பூனையைத் தடுக்கவே கூடாது. சில பூனைகள் ஒரு வாரத்தில் பழகிவிடும். சிலவற்றுக்கு ஒரு மாதம் பிடிக்கும். குட்டிகள் விரைவில் கற்றுக்கொள்ளும். வயதான பூனைக்கும் வரும், பொறுமைதான் வேண்டும்.

தீனிக்குள் வைத்துக் கொடுக்கும்போது

பூனை நன்றாகச் சாப்பிடுகிறது என்றால், முதலில் முயல வேண்டிய வழி இதுதான். மூன்று சிறு உருண்டைகளைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் உருண்டையில் மருந்து இல்லை. இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவது மறுபடியும் வெறும் தீனி. முதல் உருண்டையை ஆசையாகச் சாப்பிட்ட பூனை, மூன்றாவது உருண்டை கண்முன்னே தெரியும்போது இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். மாத்திரையைத் தொட்ட விரலால் உருண்டையின் வெளிப்பக்கத்தைத் தொடக்கூடாது. மோப்பத்தில் கண்டுபிடித்துவிடும். மருந்தில்லாத நாட்களிலும் மூன்று உருண்டை விளையாட்டைத் தொடர்ந்தால் சந்தேகமே வராது.

செய்யக்கூடாத சில காரியங்கள் உண்டு. மருந்தைப் பொடி செய்து முழுச் சாப்பாட்டிலும் கலக்கக்கூடாது. பாதியைத் தின்று மீதியை விட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது. அதைவிட மோசமானது, அந்தச் சாப்பாட்டையே பூனை வெறுத்துவிடுவது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதிலும் பருத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லா மாத்திரையையும் உடைக்கவோ பொடி செய்யவோ முடியாது. சில மாத்திரைகள் வயிற்றைத் தாண்டிக் கரையும்படி மேல்பூச்சு பூசப்பட்டவை. உடைத்தால் வேலை செய்யாது, கசப்பும் கூடும். மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மீன்குழம்பில் இருந்த துண்டைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிப்பவை. பாலில் கலப்பதும் சரியல்ல. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. சில கிருமிக்கொல்லி மருந்துகள் பாலோடு சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சேராது.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டில், மருந்து சாப்பிடும் பூனையைத் தனி அறையில் வைத்துக் கொடுப்பது நல்லது. ஒன்றின் மருந்தை இன்னொன்று தின்றுவிடக்கூடாது.

வாயைத் திறந்து கொடுக்க வேண்டியிருந்தால்

சாப்பிடாத பூனைக்கும், வெறும் வயிற்றில் தர வேண்டிய மருந்துக்கும் வேறு வழியில்லை. எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பூனையைக் கூப்பிட வேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து கொடுக்கக்கூடாது. அது ஒளியும் இடம் அதற்கு நிம்மதியான இடமாகவே இருக்கட்டும்.

பூனையை எதிரே நின்று நெருங்காமல், அதன் பின்பக்கம் தம் உடம்பில் சாய்ந்திருக்கும்படி பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கீறும் பூனையாக இருந்தால், கழுத்துக்குக் கீழே துவாலையைச் சுற்றிக் குழந்தையைப் பொதிவதுபோல் பொதியலாம். இறுக்கக் கூடாது. பழக்கிய முறையில் மூக்கை மேலே திருப்பி, கீழ்த்தாடையைத் திறந்து, நாக்கின் நடுவில் எவ்வளவு பின்னால் முடியுமோ அங்கே மாத்திரையை விட வேண்டும். உடனே வாயை மூட விட்டு, தலையைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பூனை தன் மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். விரலைக் கடிக்கும் பூனைக்கு, மாத்திரையை நுனியில் பொருத்தித் தள்ளும் நீண்ட குழல் பிராணிகள் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

மாத்திரை போனதும் வேலை முடிந்துவிடவில்லை. உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பூனைச் சளிக்கு அடிக்கடி தரப்படும் டாக்சிசைக்ளின், இன்னும் கிளிண்டாமைசின் போன்றவை அப்படி நின்றால் குழாயைப் புண்ணாக்கி, பிறகு அந்த இடம் சுருங்கிச் சாப்பாடே இறங்காமல் போகும். ஆகவே மாத்திரைக்குப் பின் சிரிஞ்சில் சுமார் 5 மில்லிலிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். அல்லது ஒரு வாய் ஈரத்தீனி சாப்பிட வைக்க வேண்டும்.

நீர்மருந்து என்றால் சிரிஞ்சின் நுனியைக் கோரைப்பல்லுக்குப் பின்னால், கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து வேகமாகப் பீய்ச்சினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மூச்சு சீராகவில்லை என்றால் அது அவசரம். ஒரு வேளை மருந்து தவறிப்போனாலோ, வாந்தி எடுத்தாலோ, அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காமல் கிளினிக்கைத் தொலைபேசியில் கேட்பதே சரி.

ஆறாத புண்: வீட்டாரும் கவனிக்க வேண்டியது

மலேசியப் பூனைகளிடம் அடிக்கடி காணப்படும் ஒரு நோய், பூனையைப் பழக்கி வைப்பது எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டும். அதன் பெயர் ஸ்போரோட்ரிக்கோசிஸ். இது ஒரு பூஞ்சைத் தொற்று. சண்டையில் ஏற்படும் கீறல் வழியாகப் பூனைக்கு வரும். மூக்கு, முகம், கால் ஆகிய இடங்களில் புண் தோன்றி, வாரக் கணக்கில் ஆறாமல் நீர் வடியும். அந்தப் பூனை கீறினால் அல்லது கடித்தால் மனிதருக்கும் ஒட்டும். புண்ணில் வடியும் நீர், தோலில் உள்ள வெட்டுக் காயத்தில் பட்டாலும் போதும்.

இதற்குப் பெரும்பாலும் தரப்படும் மருந்து இட்ராகோனசோல். பத்து நாளில் முடியும் வைத்தியம் அல்ல, மாதக் கணக்கில் கொடுக்க வேண்டும். புண் முழுதும் ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். புண் மறைந்ததும் நிறுத்திவிட்டால் நோய் திரும்பும். ஒவ்வொரு நாளும் போராடி, ஒவ்வொரு நாளும் கீறல் வாங்கி இந்த மருந்தைக் கொடுப்பவர் நோயைத் தம் மேலேயே ஏற்றிக்கொள்கிறார் என்றுதான் பொருள்.

இந்த மருந்தைச் சாப்பாட்டோடு கொடுக்கலாம் என்பது ஓர் ஆறுதல். மருத்துவர் சம்மதித்தால் கேப்சூலைப் பிரித்து, பிடித்த தீனி ஒரு கரண்டியில் கலந்து முதலில் அதைச் சாப்பிட வைத்து, பிறகு மீதிச் சாப்பாட்டை வைக்கலாம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். கர்ப்பிணிகள் இந்த மருந்தைக் கையாளாமல் இருப்பது நல்லது. சிறுவர்களைப் பூனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவே கூடாது. குணமாகும் வரை பூனையைக் கூண்டிலோ தனி அறையிலோ வைத்திருக்க வேண்டும். வெளியே விட்டால் அக்கம்பக்கத்துப் பூனைகளுக்கும் பரவும்.

பூனை கீறினால், எந்த நோய்க்கானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பின்னர் அந்த இடத்தில் கட்டியோ ஆறாத புண்ணோ தோன்றினால் கிளினிக்குக்குப் போய், வீட்டில் பூனை இருப்பதையும் அது கீறியதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணப் புண் என்றே மருந்து தரப்படலாம். பூனைக் கடி வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும். வீங்கும் வரை காத்திருக்கக் கூடாது. சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் இருந்துவருவதால், அங்குள்ளவர்கள் பூனை கடித்தாலும் கீறினாலும் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

மனிதருக்கான மருந்து பூனைக்கு ஆகாது

மருந்து கொடுக்கச் சிரமப்படும் வீட்டில், கையில் இருப்பதைக் கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் எளிதில் வரும். பெனடோல் என்று எல்லார் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமோல் பூனைக்கு விஷம். அதைப் பிரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லக்கூடும். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதமும் வீங்கும். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் ஆபத்தானவை.

வலிக்குத் தேய்க்கும் தைலங்களும் அப்படித்தான். உடம்பில் தடவியதைப் பூனை நக்கியே தீரும். நாய்க்கான உண்ணி மருந்திலும் கவனம் வேண்டும். பெர்மித்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனையின் முதுகில் விட்டால் வலிப்பு வந்து உயிர் போகலாம்.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

மருந்தை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பிவிடாமல், சில கேள்விகளைக் கேட்டு வருவது நல்லது. இந்த மருந்தைச் சாப்பாட்டோடு தரலாமா? உடைக்கலாமா? இதே மருந்து நீர்மருந்தாகக் கிடைக்குமா? நாளைக்கு இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளையாக மாற்ற முடியுமா? ஒரே தடவை போட்டால் பல நாள் வேலை செய்யும் ஊசி உண்டா? பூனைத் தைராய்டுக்கான மருந்து போன்ற சில மருந்துகளைக் காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் தயாரிக்க முடியும். எல்லா நோய்க்கும் இந்த வசதி இல்லை, கேட்டால்தான் தெரியும். முதல் மாத்திரையைத் தம் கண்ணெதிரே கொடுத்துக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டியதில்லை.

"எங்க பூனைக்கு மாத்திரை கொடுக்க முடியாது டாக்டர்" என்று முன்கூட்டியே சொல்வதில் வெட்கம் ஏதுமில்லை. கொடுக்காமலே கொடுத்ததாகச் சொன்னால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து இன்னும் கடுமையான மருந்துக்கு மருத்துவர் மாற நேரிடும்.

தனியார் கிளினிக் தூரமாக உள்ள தோட்டப்புறங்களில், மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்தில் சிகிச்சை வசதி இருக்கிறதா என்று விசாரிக்கலாம். தூரத்திலிருந்து வருபவர்கள் தொலைபேசியில் சந்தேகம் கேட்கும் எண்ணையும் வாங்கிக்கொண்டு திரும்புவது நல்லது.

வீட்டில் மருந்து கொடுக்கும் வேலையை ஒருவரோ இருவரோ பொறுப்பேற்று, எல்லாரும் ஒரே முறையில் செய்ய வேண்டும். ஒருவர் பொறுமையாகப் பழக்கிய பூனையை இன்னொருவர் அவசரத்தில் அமுக்கிப் பிடித்தால், பழக்கியது அத்தனையும் வீண். கொடுத்த வேளையை நாட்காட்டியில் குறித்து வைத்தால், காலையில் அம்மா கொடுத்ததை அறியாமல் அக்காள் மறுபடியும் கொடுக்கும் தவறும் நேராது.

இப்போது பூனை ஆரோக்கியமாக இருக்கும் வீடுகளில் இன்றைக்கே தொடங்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு துவாலை, நான்கைந்து சிறு துண்டு அவித்த கோழி, இரண்டு நிமிடம். முதல் நாளுக்கு அது போதும்.